டிரம்முக்குள் இருந்த சேலை

ஒன்றாவது திருகை முடுக்கினால் அடுத்தது அதற்கு நேர் எதிரே இருக்கிற ஐந்து, பிறகு மூன்று, அதற்கு எதிரே ஏழு, இப்படிக் குறுக்கும் நெடுக்குமாகப் போனால்தான் தோல் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளாது, வட்டமாகச் சுற்றி வரக் கூடாது, வட்டமாகச் சுற்றுகிற வேலையை என் மண்டை காலை எட்டு மணியிலிருந்து செய்துகொண்டிருக்கிறது, கையாவது ஒழுங்காக இருக்கட்டும். மணி பத்து ஐந்து. கமலவேணி அம்மா பதினோரு மணிக்கு வருகிறேன் என்றார்கள். லால்குடியில் பஸ் ஏறி, பால்பண்ணையில் இறங்கி, அங்கிருந்து பொன்மலைப்பட்டிக்கு ஷேர் ஆட்டோ, அப்புறம் இந்த மாடிப்படி, முட்டிவலிக்காரர், ஒரு படிக்கு ஒரு மூச்சு என்று வைத்தாலும் பதினோரு மணி பதினொன்றேகால் ஆகுமே தவிர நாளைக்கு ஆகாது. இரண்டு, ஆறு, நான்கு, எட்டு. சாவியைத் திருகின் தலையில் மாட்டும்போது நழுவுகிறது. அறுபத்து நாலில் கப்பலில் வந்த டிரம்ஸ், வெளிர்நீலத்தில் முத்துச் சிப்பி மினுக்கு, மூன்று வருசம் நான் வலை வீசிய டிரம்ஸ், ஒரு கீறல் விழுந்தால் செத்துப்போவேன் என்று போன மாசம் பெண்டாட்டி எமல்டாவிடம் சொன்னேன், கீறல் எதுவும் விழவில்லை, கீறல் விழாமல் பார்த்துக்கொண்டேன், கீறலைத் தவிர எல்லாவற்றையும் செய்துவிட்டேன். போன் வந்தபோது நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். "தம்பி, கமலவேணி பேசறேன். மக வினோதாவுக்கு நேத்து சாயங்காலம் பொறந்துருச்சு. பொம்பளப் புள்ள." ரொம்ப சந்தோசம்மா என்றேன், வாயில் நுரையோடு. "அதான், அந்தச் சேலைய வாங்கிட்டுப் போயிறலாம்னு. தூளி கட்டறதுக்கு முன்னாடி நாலு தண்ணியில அலசிக் காயப்போடணும்ல." எந்தச் சேலைம்மா என்று கேட்டேன், கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. "டிரம்முக்குள்ள இருக்குல்ல தம்பி, அதான். சுங்குடி. அவரு முப்பத்தோரு வருசம் மிதிச்ச மிதியெல்லாம் அதுலதான போயி இறங்கியிருக்கு. புள்ளைக்குத் தாத்தா மடி குடுத்து வைக்கல, தாத்தா மிதி வாங்குன சேலையிலயாவது தூங்கட்டும்." சொல்லிவிட்டுச் சிரித்தார்கள், பேத்தி பிறந்த சிரிப்பு. நானும் சிரித்தேன். நுரையை விழுங்கிவிட்டேன்.

சிரித்திருக்கக் கூடாது. அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம், போனில் சொல்வது சுலபம், முகம் கிடையாது, அம்மா அந்தத் துணியை நான் குப்பையில் போட்டுவிட்டேன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் என்ன வருகிறதோ வரட்டும் என்று நின்றிருக்கலாம், நான் எப்போதுமே மெதுவாகப் பேசுகிறவன், எனக்கும் சேர்த்துச் சத்தம் போடத்தான் டிரம்ஸ் வைத்திருக்கிறேன் என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள், காலையில் மெதுவாகக்கூடப் பேசவில்லையே. குப்பையில் போட்டு இருபத்திரண்டு நாள் ஆகிறது. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் குணபாலன் அண்ணன் செத்து ஏழு மாசம். அவர் மெல்லிசைக் குழுவில் வாசித்ததைச் சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன், திருவிழா மேடைக்குக் கீழே நின்று, காலால் மிதிக்கிற அந்தப் பேஸ் டிரம் மட்டும் மற்றவர்கள் அடிப்பதுபோல 'தூம்' என்று பரவாமல் 'தப்' என்று நெஞ்சுக்குழியில் ஒரு கை வைத்த மாதிரி விழும், அந்தச் சத்தத்துக்காகத்தானே இந்த டிரம்ஸை மூன்று வருசம் துரத்தினேன். லால்குடி வீட்டில் அதைத் துணிபோட்டு மூடி வைத்திருந்தார்கள். கமலவேணி அம்மா மூடியிருந்ததை விலக்கியதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. "உள்ள ஒரு சேலை இருக்கும் தம்பி, அத நான் அப்புறமா வந்து வாங்கிக்கறேன்" என்று சொன்னார்கள், தெளிவாகச் சொன்னார்கள், அந்த நேரத்தில் நான் முட்டிபோட்டு ஸ்நேர் டிரம்முக்கு அடியில் இருக்கிற கம்பிச்சுருள் பழையதுதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், சரிங்கம்மா சரிங்கம்மா என்று தலையாட்டினேன், காதுக்குள் போனதை மண்டைக்குள் விடவில்லை. தாளம் அரை மாத்திரை தள்ளி விழுந்தால் கூட்டத்தில் எனக்குத் தெரியும். ஒரு பொம்பளை நேருக்கு நேர் நின்று சொன்னது தெரியவில்லை.

பேஸ் டிரம்மை வெறுமனே மிதித்தால் அடி விழுந்த பிறகும் அது அடங்காது, ஊளை மாதிரி இழுத்துக்கொண்டே கிடக்கும், அதை அடக்க உள்ளே எதையாவது திணிப்பார்கள், தலையணை, கம்பளி, பழைய வேட்டி, கைக்கு அகப்பட்டது எதுவானாலும். எனக்கு அது ஆகாது. எனக்கு டிரம் பட்டறையிலிருந்து வெளியே வந்த முதல் நாள் எப்படிப் பேசியிருக்குமோ அப்படிப் பேச வேண்டும், இடையில் வந்தவர்கள் போட்டது, ஒட்டியது, கட்டியது எல்லாம் வெளியே போக வேண்டும், அதைத்தான் சேகரிப்பு என்று நினைத்தேன். இந்த அறையில் இதோடு பதினோரு டிரம்ஸ். அலமாரியைப் பார்த்தால் தெரியும், ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில், மாத்திரை டப்பா, ஒவ்வொன்றிலும் ஒரு திருகு, ஒரு வாஷர், ஒரு சின்ன ஸ்பிரிங், ஒவ்வொன்றுக்கும் சீட்டு, இடது கால் இரண்டாவது மரை, ஒரிஜினல், வலது கொக்கி, ஒரிஜினல் இல்லை, என் கையெழுத்து அழகாக இருக்கிறது. அந்த நாள் முன்பக்கத் தோலைக் கழற்றியதும் எலிப் புழுக்கையும் மக்கிய வாடையும் மூக்கில் அடித்தது, நான் முகமூடி போட்டுக்கொண்டேன், கையுறை போட்டுக்கொண்டேன், இடுக்கியால் இழுத்தேன், அரக்கு நிறத்தில் ஏதோ சுருண்டு உட்கார்ந்திருந்தது, மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஐயே பூஞ்சணம் என்று சத்தமாகச் சொன்னது எனக்கே ஞாபகம் இருக்கிறது. பூஞ்சணம் வரிசையாக வருமா? பூஞ்சணம் ஒரு விரற்கடைக்கு ஒன்று, ஒரு விரற்கடைக்கு ஒன்று என்று அளவெடுத்து வருமா? எவளோ ஒருத்தி துணியைக் கிள்ளிக் கிள்ளி நூல் சுற்றி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்த புள்ளி. கறுப்புப் பையில் போட்டு வாயை இறுகக் கட்டினேன். மறுநாள் காலையில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது, நானே இறங்கிப்போய்க் கொடுத்தேன், என்ன தம்பி பொணமா என்று வண்டியோடு வந்த பாக்கியத்தக்கா கேட்டார், இல்லக்கா பழைய துணி என்றேன். இன்றைக்கு எட்டரை மணிக்கு அதே வண்டியை வழிமறித்து, அக்கா அந்தப் பை எங்கே போயிருக்கும் என்று கேட்டபோது அவர் கையிலிருந்த கம்பியை ஊன்றி நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எப்பக் குடுத்தது?" இருபத்திரண்டு நாள் ஆச்சுக்கா. "இருபத்திரண்டு நிமிசம்னாலே நான் பொறுப்பில்ல. மக்கறது மக்காததுன்னு பிரிச்சுக் குடுங்கன்னு தெனம் கத்தறேன்ல, அதாவது பிரிச்சீங்களா? சேலை மக்கிரும் தம்பி. நல்ல நூல் சேலைன்னா சீக்கிரமாவே மக்கிரும்." ஆறுதலாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

எமல்டா ஆறுதல் சொல்கிற ஆள் கிடையாது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்தப்போகிற நேரத்தில் போன் பண்ணிவிட்டேன் போல. "ஆணிக்கெல்லாம் பேரு எழுதி பாட்டில்ல போட்டு வச்சிருக்கீங்களே, ஒரு சேலைக்கு ஒரு பை கெடைக்கலையா?" நாத்தமடிச்சுதுடி என்றேன். "நாத்தமடிச்சா துவைப்பாங்க. வந்தவுடனே உண்மையச் சொல்லிருங்க. கதை கட்டாதீங்க, உங்களுக்கு வராது, காது செவந்துரும். கையக் காட்டுங்க சார், முஷ்டிய மூடுங்க" என்று யாரையோ அதட்டிவிட்டு வைத்துவிட்டாள். கையைக் காட்டுங்க. முஷ்டியை மூடுங்க. காலையிலிருந்து மூன்று கதை கட்டிப் பார்த்துவிட்டேன். எலி கடித்துக் குதறியிருந்தது, பாதி உண்மை. சலவைக்குக் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும், அடுத்த வாரம் என்ன செய்வாய். உள்ளே எதுவுமே இல்லையேம்மா, அண்ணனே எப்போதோ எடுத்திருப்பார். மூன்றாவது கதையில் செத்தவர் தலையில் போடுகிறேன். என் தாத்தா ஒரு கதை சொல்வார், ஒரு ஊரில் ஒரு திருடன் நகை மூட்டையை ஒளிக்க இடமில்லாமல் கோயில் முரசைக் கிழித்து உள்ளே போட்டுத் தைத்துவிட்டான், மறுநாள் பூசைக்கு முரசை அறைந்தால் அது 'டம் டம்' என்று சொல்லாமல் 'என்கிட்ட, என்கிட்ட' என்று சொன்னதாம், அந்தத் திருடன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது, அந்த இடத்துக்குள் நான் தூங்கிவிடுவேன். மணி பத்து இருபது. தோலை விரலால் சுண்டிப் பார்க்கிறேன், திருகுக்குப் பக்கத்தில் எட்டு இடத்திலும் ஒரே சுதி, பழுதில்லை, பெடலை ஒரு மிதி மிதிக்கிறேன், தூம்ம்ம்ம்ம், ஜன்னல் கம்பி வரை போய்த் திரும்பி வருகிறது, முதல் நாள் சத்தம், கப்பலில் ஏறும் முன்னால் இருந்த சத்தம், யாரும் தொடாத சத்தம். போன வாரம் இதைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இப்போது தெருவில் எதையோ பறிகொடுத்த நாய் அழுகிற மாதிரி இருக்கிறது. போதும் நிறுத்து என்றாலும் நிற்கவில்லை.

அதை நான் சொல்லியே ஆக வேண்டும், யாரிடமும் இல்லை, எனக்கு நானே. எமல்டாவின் பீரோவைத் திறந்தேன். சுங்குடி இல்லை. அரக்கு நிறத்தில் ஒரு நூல் சேலை இருந்தது, புள்ளி இல்லாதது, அவள் சமையலுக்குக் கட்டிக் கட்டி நைந்தது, அதைப் பார்த்ததும் என் மனசுக்குள் ஒரு வெளிச்சம் அடித்ததே, அந்த வெளிச்சத்தை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. டிரம் விளிம்புக்குத் தொட்டு வைக்கிற வெள்ளை எனாமல் பெயின்ட் டப்பா ஒன்று இருந்தது. ஒரு குச்சியைத் திருப்பிப் பிடித்து அடிப்பாகத்தை வெள்ளையில் தொட்டுச் சேலையில் வைத்தேன். ஒன்று. ஒரு விரற்கடை விட்டு இன்னொன்று. தாளக்காரன் கை, இடைவெளி பிசகவில்லை. மூன்று, நான்கு, ஏழு வரை போய்விட்டேன், ஏழாவதை வைத்துக் குச்சியை எடுக்கும்போது அது சேலையோடு ஒட்டிக்கொண்டு பிசினாக இழுத்தது, அப்போதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று பார்த்தேன், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஒரு பிள்ளை, அதன் மூக்குக்கு நேராக இந்த எனாமல் நாற்றம். சுருட்டி, மூன்று காலில் தரையில் நிற்கிற ஃபுளோர் டாமுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். கையைக் கழுவினேன், நகக்கண்ணில் வெள்ளை போகவில்லை. தின்னர் போட்டுத் தேய்த்தேன். தின்னர் வாடை வந்ததும் அடுத்தது ஞாபகம் வந்தது, ஐயோ, பேஸ் டிரம்மின் மரவளையத்தில் உச்சியில் தடிப்பாக ஒரு அழுக்கு இருந்தது, சிவப்பும் மஞ்சளுமாக, தின்னர் வைத்துச் சுரண்டினால் அடுக்கடுக்காக வந்தது, அழுக்கா அது? ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் வைத்த சந்தனம் குங்குமம். முப்பத்தோரு அடுக்கு. நீல மினுக்கில் ஒரு இடத்தில் பொட்டுப் பொட்டாகக் கருகியிருந்தது, சிகரெட்டுச் சூடு என்று நினைத்துப் பாலிஷ் போட்டு எடுத்தேன், அண்ணன் சிகரெட்டே தொடமாட்டாராமே, கச்சேரிக்கு முன்னால் திருகு இடுக்கில் ஊதுபத்தி சொருகி வைப்பார் என்று அந்த அம்மாதானே சொன்னார்கள், அதையும் சரிங்கம்மா சரிங்கம்மா என்றுதானே கேட்டேன். அவர் இந்த டிரம்ஸில் எங்கெல்லாம் இருந்தாரோ அங்கெல்லாம் பொறுமையாகத் தேடிப் போய்த் துடைத்திருக்கிறேன். மற்ற பத்து? சர்ச்சிலிருந்து வந்த செட்டுக்குள் குழந்தை ஃபிளானல் துணி ஒன்று இருந்தது, எலுமிச்சை நிறம், வாத்துப் படம் போட்டது. பொன்மலை ரயில்வே பேண்டு செட்டுக்குள் சுற்றிக் கட்டிய ஒரு சட்டை, பையில் ஒரு சீட்டுக்கூட இருந்தது, பிரித்துப் பார்க்கவில்லை. எங்கே அதெல்லாம்? பத்து வருசமாக இந்த வேலையைப் பார்க்கிறேன். யாரும் கேட்டு வரவில்லை, அதனால் நான் நல்லவனாக இருந்தேன்.

ஒன்று, ஐந்து, மூன்று, ஏழு. அதிகமாக முடுக்கிவிட்டேன், தோல் முறுகுகிறது, தளர்த்த வேண்டும். ஓடிப்போனால் என்ன? பூட்டைப் போட்டுவிட்டு, அம்மா, அவசரமாக ஒரு கச்சேரி என்று செய்தி அனுப்பினால்? அந்த முட்டியோடு இருபத்தேழு படி ஏறி வந்து பூட்டைப் பார்த்துவிட்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்து காத்திருப்பார்கள், பேத்தி பிறந்த வீட்டிலிருந்து வந்தவர்கள். சொல்லிவிடு. அம்மா, நான் தெரியாமல். தெரியாமலா? சொல்லியிருந்தார்களே. அம்மா, நான் கேட்காமல். கேட்டேனே. அம்மா, நான் கேட்டும், கேட்டும் என்பதற்கு அப்புறம் எதுவும் வரமாட்டேன் என்கிறது. மணி பத்து ஐம்பது. கீழே ஆட்டோ நிற்கிற சத்தம். என் வீட்டுக்காக இருக்காது. மெடிக்கல் ஷாப்புக்காக இருக்கும். சில்லறையைப் பற்றி யாரோ பேசுகிறார்கள். படியில் செருப்பு. ஒரு படி. நிற்கிறது. ஒரு படி. தாளம் மாதிரிதான் வருகிறது, வலது காலை வைத்து இடது காலைச் சேர்த்து, வலது காலை வைத்து இடது காலைச் சேர்த்து, நான் எண்ணுகிறேன், பதினெட்டு, பத்தொன்பது, இருபத்தேழு வராமலே போகக்கூடாதா, யாராவது இந்த வீட்டில் இன்னும் நூறு படி கட்டியிருக்கக் கூடாதா.

"வாயத் தொறங்க" என்றுதான் உள்ளே வந்தார்கள், வந்ததும் என் வாயில் ஒரு கல்கண்டைப் போட்டார்கள், பெரிய கல்கண்டு, கன்னத்தில் முட்டிக்கொண்டு நின்றது. "ரெண்டே முக்கா கிலோ. அப்படியே அவரு காது. எங்க எமல்டா? வேலைக்குப் போயிருச்சா? தண்ணி குடுங்க தம்பி, உங்க வீட்டுப் படி ஒரு மலை." தண்ணீர் கொடுத்தேன். கொடுக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன், கல்கண்டு இருந்தது. அவர்கள் குடித்துவிட்டுத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு டிரம்ஸைப் பார்த்தார்கள். "ஆத்தி, புதுசாட்டம் ஆக்கிட்டீங்களே." பாராட்டாகத்தான் சொன்னார்கள். கிட்டே வந்து பேஸ் டிரம் வளையத்தின் உச்சியில், சரியாக அந்த இடத்தில், பெருவிரலை வைத்து லேசாகத் தேய்த்தார்கள், தேய்த்துவிட்டு விரலைப் பார்த்தார்கள். விரலில் ஒன்றும் இல்லை. "ஒரு மிதி மிதிங்க தம்பி, கேட்டு எவ்வளவு நாளாச்சு." வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். இன்னும் சுதி சேர்க்கலைம்மா என்று ஒரு வார்த்தை. நான் உட்கார்ந்தேன். என் கால், அது என் கால்தானா, பெடல்மேல் போய் உட்கார்ந்து மிதித்தது. தூம்ம்ம்ம்ம். அறை முழுக்க. பாட்டில்களுக்குள் திருகுகள் எல்லாம் சிணுங்கின. கமலவேணி அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கடைசிச் சத்தம் அடங்குகிற வரை, அது அடங்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது. "எடுத்துட்டீங்க" என்றார்கள்.

கேள்வியாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். கேள்வியாகக் கேட்கவில்லை. என் கண் ஃபுளோர் டாமுக்குப் பின்னால் போனது, போகாதே போகாதே என்று சொல்லியும் போனது, அவர்கள் என் கண்ணைப் பிடித்துக்கொண்டே அங்கே போய்க் குனிந்து எடுத்துவிட்டார்கள். "இந்தா இருக்கே" என்று ஒரு நொடி, ஒரு நொடிதான், முகம் மலர்ந்தது, அந்த ஒரு நொடியை நான் எங்கே கொண்டுபோய்ப் போடுவேன். பிரித்தார்கள். ஏழு புள்ளி. புள்ளிமேல் கட்டைவிரல் பட்டு வெள்ளை ஒட்டிக்கொண்டது. விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார்கள். கன்னத்திலிருந்த கல்கண்டைக் கடித்து உடைத்தேன், அந்தச் சத்தம் எனக்கே பயங்கரமாகக் கேட்டது. "குப்பையில போட்டுட்டேம்மா. தெரிஞ்சே போட்டுட்டேன். நீங்க சொன்னதக் கேட்டுட்டுத்தாம்மா போட்டேன்." கேட்டும் என்பதற்கு அப்புறம் வராதது வந்தேவிட்டது, இவ்வளவுதான் அது. அவர்கள் கத்தவில்லை. எமல்டாவின் சேலையை நாலாக மடித்து, புள்ளி உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, நாற்காலியில் வைத்தார்கள். விரலைத் தன் சேலையில் துடைத்துக்கொண்டார்கள், அது போகவில்லை. சுவரைப் பார்த்தார்கள், அலமாரியை, பாட்டில்களை, சீட்டுகளை. "ஆணியெல்லாம் பத்திரமா இருக்கு" என்றார்கள். பிறகு பேஸ் டிரம்முக்கு முன்னால் போய், வளையத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த முட்டியை மடக்கி, மெல்ல, மெல்லத் தரையில் உட்கார்ந்தார்கள். நான் எழுந்தேன். "நீங்க உக்காருங்க." உட்கார்ந்தேன். இப்போது அவர்கள் முகம் எனக்குத் தெரியவில்லை, டிரம்முக்கு மேலே கொண்டையும் நரைத்த உச்சியும் மட்டும் தெரிந்தன. முதுகை நகர்த்தி நகர்த்தி முன்பக்கத் தோலோடு முழுசாகச் சாய்த்துக்கொண்டார்கள், தோல் கிறீச்சென்றது. "ம். மிதிங்க."

மிதித்தேன். தப்.

ஊளை இல்லை. ஜன்னல் வரை போகவில்லை. நெஞ்சுக்குழியில் ஒரு கை. திருவிழா மேடைக்குக் கீழே நின்ற அதே இடத்தில், அதே கை. மூன்று வருசம் துரத்தி, பதினோரு செட்டைக் கழற்றி மாட்டி, கடைசியில் கேட்டுவிட்டேன். "இதுதான் தம்பி" என்றார்கள், டிரம்முக்கு அந்தப் பக்கத்திலிருந்து, சாதாரணக் குரலில், கடைக்காரரிடம் அளவு சொல்கிற மாதிரி. பிறகு, "இந்தச் சத்தத்தக் கொண்டுபோயி நான் எப்படித் தூளி கட்டுவேன்" என்றார்கள். நான் காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை. அவர்கள் சாய்ந்தே இருந்தார்கள். முன்தோல் அசைந்து, உள்ளே அடைபட்ட காற்று அசைந்து, பின்தோல் அசைந்து, அவர்கள் மூச்சு ஏறி ஏறி இறங்குவது பெடல் வழியாக என் உள்ளங்காலுக்கு வந்துகொண்டிருந்தது, தாளமே இல்லாமல்.